சிபாரிசுக்கு ஆளில்லாத பிள்ளைக்கு ஒரு நிறுவனம் என்ன செய்ய முடியும்?

கேள்வி இது. சிங்கப்பூரின் காக்கி புக்கிட் வட்டாரத்தில் ஒருவர் குளிர்சாதன, மின்சாரப் பராமரிப்பு நிறுவனம் நடத்துகிறார். அறுபது பேர் வேலை செய்கிறார்கள். பக்கத்து வட்டாரத்து உயர்நிலைப்பள்ளி ஒன்று, மாணவர்களை ஒருநாள் அழைத்துவரலாமா என்று கேட்டு அவருக்கு எழுதியிருக்கிறது. "வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் வாழ்க்கையில் மேலே வர இதெல்லாம் உண்மையிலேயே உதவுமா, இல்லை படம் எடுத்துப் போடத்தானா? உதவுமென்றால் எங்களைப் போன்ற சிறிய நிறுவனம் என்ன செய்ய வேண்டும்?" என்கிறார்.

உதவும். ஆனால் பெரும்பாலான இடங்களில் இப்போது நடக்கிற மாதிரி நடந்தால் உதவாது. உயர்நிலைக்குப் பிந்திய கல்வி நிலையம் ஒன்றில், மாணவர்களை வேலைப் பயிற்சிக்கு அனுப்பும் பொறுப்பில் பல ஆண்டுகள் இருந்தேன். இப்போது ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில், அதே மாணவர்களை எடுத்துக்கொள்ளும் பக்கத்தில் இருக்கிறேன். இரண்டு பக்கத்துச் சாக்குப்போக்குகளும் எனக்கு அத்துப்படி. என்னைக் கேட்டால், பள்ளியோடு சேர்ந்து ஒரு முதலாளி செய்யக்கூடிய நல்லதில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடத்தில் நடப்பதே இல்லை. அவருடைய சொந்த அலுவலகத்தில், ஆளெடுக்கும் விதத்திலும் சம்பளப் பட்டியலிலும் நடக்கிறது. அதனால்தான் பலரும் பள்ளி மண்டபத்தில் ஓர் உரையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது சுலபம்.

முதலில் சிபாரிசைப் பற்றிப் பேசிவிடலாம். நம்மவர்கள் அந்தப் பேச்சை எடுத்தாலே முகம் சுளிப்பார்கள். சிங்கப்பூரில் அதெல்லாம் செல்லாது, தகுதி இருந்தால் போதும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். சரி, ஜூன் விடுமுறையில் வழக்கறிஞர் அலுவலகத்தில் இரண்டு வாரம் உட்கார்ந்துவிட்டு வருகிற பதினாறு வயதுப் பிள்ளை அங்கே எப்படிப் போனது? அப்பாவோடு படித்தவர், பெரியம்மா வீட்டுக்காரர், கோயில் நிர்வாகக் குழுவில் கூட இருப்பவர் என்று யாரோ ஒருவர் இருந்திருப்பார். "சும்மா வந்து பார்க்கட்டுமே" என்றிருப்பார். யாரும் அதைச் சிபாரிசு என்று சொல்வதில்லை. அந்த இரண்டு வாரத்தில் பிள்ளை பெரிதாக எதையும் கற்றிருக்காது. ஆனால் மேலாளரிடம் எப்படிப் பேசுவது, உடம்பு சரியில்லை என்றால் யாருக்கு எத்தனை மணிக்குள் சொல்வது, எந்த வேலைக்கு எந்தப் படிப்பு வேண்டும் என்பதெல்லாம் காதில் விழுந்திருக்கும். வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் அதே பேச்சுத்தான்.

துப்புரவு வேலைக்கும் பாதுகாவல் வேலைக்கும் இரவு ஷிஃப்டில் போய்வருகிற பெற்றோரின் பிள்ளைக்கு இந்தப் பேச்சு எங்கிருந்து கிடைக்கும்? அந்தப் பெற்றோருக்கு ஆசை ஒன்றும் குறைவில்லை. "நல்லாப் படி" என்று தினமும் சொல்கிறார்கள். எதை நோக்கிப் படிப்பது என்பது அவர்களுக்கும் தெரியாது.

இது வெறும் அபிப்பிராயம் இல்லை. கொள்கை ஆய்வுக் கழகம் 2017-இல் சிங்கப்பூரர்களின் சமூகத் தொடர்புகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. வீவக எனப்படும் அரசாங்க அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்களுக்கு, தங்களைப் போலவே வீவக வீட்டில் இருக்கும் அணுக்கமானவர்கள் சராசரியாக 4.3 பேர், தனியார் வீடுகளில் இருப்பவர்கள் 0.8 பேர், அதாவது ஒரு முழு ஆள்கூட இல்லை. இனத்தையும் மதத்தையும் தாண்டிப் பழகுவதைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அந்த ஆய்வில் வர்க்கப் பிரிவுதான் மிகக் கூர்மையாகத் தெரிந்தது. அமெரிக்காவில் பொருளியலாளர் ராஜ் செட்டியின் குழு 2022-இல், 72 மில்லியன் ஃபேஸ்புக் பயனாளர்களின் நட்புகளை வைத்து இதையே வேறு கோணத்தில் பார்த்தது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு, வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு இருப்பதைப் போன்ற நட்பு வட்டம் இருந்தால், வளர்ந்தபின் அவர்களுடைய வருமானம் சராசரியாக 20 விழுக்காடு கூடுதலாக இருக்கும் என்று கணக்கிட்டார்கள். யாரைத் தெரியும் என்பது எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள்.

ஆக, பள்ளியும் முதலாளியும் சேர்ந்து செய்யவேண்டியது என்னவென்றால், சிபாரிசுக்கு ஆளில்லாத பிள்ளைக்கு நேரான வழியில் ஓர் ஆளை உண்டாக்கித் தருவது. அந்தப் பிள்ளையின் பெயர் தெரிந்த, அவன் வேலையைக் கண்ணால் பார்த்த, நாளைக்கு "இந்தப் பையனை எடுக்கலாம்" என்று சொல்லக்கூடிய ஒரு பெரியவர். மற்ற எல்லாவற்றையும் இதை வைத்துத்தான் நான் எடைபோடுவேன்.

பிரிட்டனில் இதைக் கொஞ்சம் அளந்து பார்த்திருக்கிறார்கள். 2012-இல் வெளியான ஓர் ஆய்வில் 19 முதல் 24 வயது வரையிலானவர்களிடம், பள்ளியில் படித்தபோது எத்தனை முறை முதலாளிகளோடு தொடர்பு கிடைத்தது என்று கேட்டார்கள். நான்கு முறையோ அதற்கு மேலோ என்றவர்கள், ஒன்றுமே கிடைக்காதவர்களைவிடச் சராசரியாக 16 விழுக்காடு அதிகம் சம்பாதித்தார்கள். வேலையும் படிப்பும் இல்லாமல் வீட்டில் இருக்கும் வாய்ப்பும் அவர்களிடம் மிகக் குறைவு. நினைவை நம்பிச் சொன்ன பதில்கள் என்பதால் இதைத் தலையில் தூக்கிவைத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் நான்கு என்ற எண்ணைக் கவனியுங்கள். ஒருமுறை வந்து போவதால் ஒன்றும் ஆகிவிடுவதில்லை. 2014-இல் அங்கே கேட்ஸ்பி அறக்கட்டளை வகுத்த எட்டு அளவுகோல்களிலும் முதலாளிகளைச் சந்திப்பது ஒன்று, வேலையிடத்தில் நேரடி அனுபவம் இன்னொன்று என்று தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஒன்றைச் செய்துவிட்டு மற்றதற்கும் சேர்த்துக் கணக்குக் காட்ட முடியாது.

இனி நம் ஊர் நிலவரத்துக்கு வருவோம். 'கற்றல் பயணம்' என்ற பெயரில் நடப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பேருந்தில் நாற்பது மாணவர்கள். கூட்ட அறையில் குளிர். நிறுவனத்தின் வரலாறு, விருதுகள், எத்தனை நாடுகளில் கிளை என்று முக்கால் மணிநேரம் திரையில் படம். அப்புறம் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்று தொழிற்கூடத்தைப் பார்ப்பது. ஒரு பையில் தண்ணீர்ப் புட்டியும் பேனாவும். கூட்டாகப் படம். மாணவர்களுக்கு ஒரு பிற்பகல் வகுப்பு இல்லை என்ற சந்தோஷம், அவ்வளவுதான். இதைச் செய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இதோடு முடித்துவிட்டு, ஆண்டறிக்கையில் '400 இளையர்களைச் சென்றடைந்தோம்' என்று போடுவது எனக்குப் பிடிப்பதில்லை.

இன்னொன்றும் எனக்குப் பிடிக்காது. நிறுவனத் தலைவர் வந்து, ஓரறை வீட்டில் வளர்ந்து இந்த நிலைக்கு வந்தேன் என்று பேசுவது. அவர் நல்லெண்ணத்தோடுதான் பேசுகிறார். கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு என்ன கேட்கிறது? 'நான் முயன்றேன், வந்துவிட்டேன். நீ வரவில்லையென்றால் உன் முயற்சி போதவில்லை.' அவருக்கும் அந்தப் பிள்ளைக்கும் நடுவில் நாற்பது ஆண்டுகள் இருக்கின்றன. உங்கள் நிறுவனத்தில் இருபத்து நான்கு வயதில், ஐடிஇ எனும் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படித்து வந்த தொழில்நுட்பர் ஒருவர் இருப்பாரே, அவரை அனுப்புங்கள். அவர் இன்னும் ஏணியின் மூன்றாவது படியில்தான் நிற்கிறார். பிள்ளையின் கைக்கு எட்டுகிற படி அது.

நல்ல நாள் என்று நான் நினைப்பது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஒரு வணிகக் கட்டடத்தின் மேல்தளத்தில் குளிர்விப்பு இயந்திர அறை. உயர்நிலை மூன்றில் படிக்கும் இரண்டு மாணவர்கள், கூடவே ஒரு தொழில்நுட்பர். உள்ளே இரைச்சல், காதடைப்பான் போட்டிருக்கிறார்கள். அவர் ஒரு மோட்டாரின் மின்கம்பியில், மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டி அளவை வாசிக்கச் சொல்கிறார். போன மாத ஏட்டைத் திறந்து அதே இடத்தில் இருந்த எண்ணைக் காட்டுகிறார். "இது ஏன் குறைஞ்சிருக்கு?" என்கிறார். ஒருவன் வடிகட்டி அடைத்திருக்கலாம் என்கிறான்; எங்கே படித்தானோ தெரியாது. போய்ப் பார்க்கிறார்கள். மத்தியானம் உணவங்காடியில் சாப்பிடும்போது அவன் தயங்கித் தயங்கிக் கேட்கிறான், "அண்ணே, உங்களுக்கு எவ்வளவு சம்பளம்?" அவர் சொல்கிறார். ஓவர்டைம் சேர்ந்தால் எவ்வளவு, மேற்பார்வையாளர் ஆனால் எவ்வளவு, அதற்கு என்ன உரிமம் எடுக்கவேண்டும், தான் ஏன் பகுதிநேரப் பட்டயப் படிப்பை ஒருமுறை பாதியில் விட்டார், ஏன் மறுபடி சேர்ந்தார் என்பதெல்லாம் வருகிறது. இந்தப் பேச்சுக்குத்தான் அந்த முழு நாளும். இது கூட்ட அறையில் நடக்காது. நாற்பது பேரோடும் நடக்காது.

ஒரு சிறிய நிறுவனத்துக்கு இதில்தான் பலம் இருக்கிறது. வங்கிகளிடம் கட்டடமும் பணமும் இருக்கும். உங்களிடம் மூன்று மாணவர்களை மூன்று தொழில்நுட்பர்களோடு அனுப்பிவைக்கிற வசதி இருக்கிறது. அதே மூன்று பேரை ஜூன், செப்டம்பர், ஆண்டிறுதி விடுமுறைகளில் திரும்பக் கூப்பிடுங்கள். அடுத்த ஆண்டும் கூப்பிடுங்கள். நாற்பது பேருக்கு ஒருநாள் என்பதைவிட மூன்று பேருக்கு இரண்டு ஆண்டு என்பது மேல். பள்ளிக்கு இது கணக்கில் குறைவாகத் தெரியும், முதலில் ஒத்துக்கொள்ளவும் தயங்குவார்கள். விடாதீர்கள்.

தொடங்கினால் தொடரவேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வழிகாட்டித் திட்டங்களைப் பற்றி அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், ஓராண்டும் அதற்கு மேலும் நீடித்த உறவுகள்தான் நல்ல பலன் கொடுத்தன. மூன்று மாதத்துக்குள் முறிந்துபோனவற்றில் பிள்ளைகளின் தன்னம்பிக்கை இருந்ததையும்விடக் குறைந்தது. வீட்டில் ஏற்கெனவே பெரியவர்கள் வந்து போவதைப் பார்த்த பிள்ளைகள் இவர்கள். உங்கள் ஊழியரும் இரண்டு தடவை வந்துவிட்டுக் காணாமல் போனால் அது அவர்களுக்குப் பழகிய கதைதான்.

அடுத்து, யாரை அழைப்பது. பள்ளியிடம் விட்டுவிட்டால் மாணவர் தலைவர்களும் ஒழுங்காகப் பேசத் தெரிந்தவர்களும் வருவார்கள். ஆசிரியரைக் குறைசொல்ல முடியாது. பள்ளியின் பெயரைக் காப்பாற்ற வேண்டுமே. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு உங்கள் உதவி அவ்வளவாகத் தேவையில்லை. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக மாணவர்களை மதிப்பெண்ணை வைத்து விரைவுநிலை, வழக்கநிலை என்று பிரித்து வந்த முறை, 2024-இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து கைவிடப்பட்டது. இப்போது மூன்று சேர்க்கைக் குழுக்கள். வெவ்வேறு குழுவினர் ஒரே வகுப்பில் கலந்து உட்கார்கிறார்கள். பாடத்துக்கு ஏற்றாற்போல, எளிய ஜி1 முதல் கடினமான ஜி3 வரை மூன்று நிலைகளில் படிக்கிறார்கள். 2027-இல் எல்லாருக்கும் ஒரே சான்றிதழ்த் தேர்வு. நல்ல மாற்றம்தான், நான் முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் வகுப்பறையில் பெயர்ப்பலகையை எடுத்துவிட்டால் வெளியுலகம் உடனே மறந்துவிடாது. பள்ளியிடம் நேராகக் கேளுங்கள்: பெரும்பாலான பாடங்களை ஜி1-இல் படிப்பவர்கள், நிதியுதவி பெறுபவர்கள், பள்ளிக்கு ஒழுங்காக வராதவர்கள் ஆகியோரில் யாருக்கு இது பொருந்தும்? பெயர்ப்பட்டியலைக் கேட்கவேண்டாம், பிள்ளையின் வறுமையை உங்களிடம் அறிவிக்கவும் வேண்டாம். ஆசிரியரே தேர்ந்தெடுக்கட்டும். இந்த மாதிரிப் பிள்ளைகள் வேண்டும் என்று நீங்கள் கேட்டதே அவருக்குத் தெம்பு கொடுக்கும். பள்ளியின் கல்வி, வாழ்க்கைத்தொழில் வழிகாட்டி ஆலோசகரையும் பிடித்துக்கொள்ளுங்கள். ஒருவரே ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகளைப் பார்த்துக்கொள்வதால் அவருக்கு நேரம் குறைவு. ஆனால் எந்தப் பிள்ளைக்கு எது தேவை என்பது அவருக்குத்தான் தெரியும்.

வயது விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 13 வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு வைக்கக்கூடாது. 13, 14 வயதினருக்குத் தொழிற்சாலை சாராத இலகுவான வேலை மட்டும். உங்கள் துறையில் உயர்நிலை மாணவர்கள் வந்து பார்க்கலாம், கேட்கலாம், மேற்பார்வையில் தொட்டுப் பார்க்கலாம், வேலை வாங்கக்கூடாது. பெற்றோர் சம்மதமும் காப்புறுதியும் பள்ளி வழியாக முடிந்துவிடும்.

இனிப் பணம். இதைப் பற்றிப் பேச எல்லாரும் கூச்சப்படுகிறார்கள். ஆனால் நல்ல திட்டங்கள் பல இங்கேதான் தடுக்கி விழுகின்றன. ஐடிஇ, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் மாதக்கணக்கில் முழுநேர வேலைப் பயிற்சிக்கு வருகிறார்கள். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளில் பலர் ஏற்கெனவே சாயங்காலம் உணவகத்திலோ சேமிப்புக் கிடங்கிலோ பகுதிநேரமாக வேலை பார்த்து, அதில் ஒரு பங்கை வீட்டுக்குக் கொடுப்பவர்கள். பயிற்சிக் காலத்தில் அந்த வருமானம் நின்றுபோகும். நீங்கள் கொடுக்கும் உதவித்தொகை அதைவிடக் குறைவாக இருந்தால், அவன் பகலில் உங்களிடமும் இரவில் அங்கேயும் வேலை பார்ப்பான். மூன்றாவது வாரம் தூங்கி வழிவான். 'அக்கறையில்லை' என்று மதிப்பீட்டுத் தாளில் எழுதிவிடுவார்கள்.

நான் பார்த்த ஒன்று. ஒரு மாணவன் முதல் நாளே வரவில்லை. காய்ச்சல் என்று செய்தி அனுப்பியிருந்தான். இரண்டாம் நாளும் அதே. நிறுவனத்துக்காரர்கள் கடுப்பாகி வேறு ஆள் அனுப்பச் சொல்லிவிட்டார்கள். அவன் நண்பனைப் பிடித்து விசாரித்தபோதுதான் தெரிந்தது: சேஃப்டி ஷூ போட்டுத்தான் வரவேண்டும் என்று கடிதத்தில் இருந்திருக்கிறது, வாங்கக் கையில் காசில்லை. வீட்டில் கேட்கும் நிலையும் இல்லை. கடனாகக் கொடுப்பீர்களா என்று நிறுவனத்தைக் கேட்கலாம் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. அப்படிக் கேட்டுப் பழக்கமில்லாத வீடு. ஆயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில், ஒரு ஜோடிக் காலணிக்காக ஒரு பையனின் பயிற்சி போயிற்று. அதனால் சொல்கிறேன், வரும் மாணவருக்குக் காலணி, தலைக்கவசம், சட்டை எல்லாவற்றையும் முதல் நாளே நீங்கள் கொடுத்துவிடுங்கள். எல்லாருக்கும் கொடுங்கள், கேட்டால்தான் என்று வைக்காதீர்கள். முதல் மாத உதவித்தொகையில் ஒரு பகுதியை முதல் வாரமே கொடுங்கள். பேருந்துக்கும் எம்ஆர்டி ரயிலுக்கும் சாப்பாட்டுக்கும் அதுவரை எங்கே போவார்கள்?

பயிற்சிக்கு வருபவரை மலிவான கையாளாக வைத்துக்கொள்வதும் நம் ஊரில் உண்டு. பெட்டி தூக்கு, நகல் எடு, காப்பி வாங்கி வா. ஆறு மாதம் கழித்து அவன் கையில் ஒரு சான்றிதழ், தலையில் ஒன்றுமில்லை. அதைவிட மோசம், 'இந்தத் துறை இவ்வளவுதான்' என்ற முடிவோடு போய்விடுவான். முதல் வாரமே ஒரு தாளில் எழுதுங்கள்: இத்தனை வாரத்தில் இந்த இந்த வேலைகளை இவன் தனியாகச் செய்யத் தெரிந்திருக்கவேண்டும். பத்து வரி போதும். பயிற்சி கொடுக்கும் தொழில்நுட்பருக்கு அதற்கென்று நேரமும் சம்பளத்தில் ஏதாவது ஒன்றும் சேர்த்துக் கொடுங்கள். இல்லையென்றால் அவருக்கு அது கூடுதல் தலைவலி. சொல்லிக்கொடுக்கும் முறையே தெரியவில்லை என்றால், வேலையிடக் கற்றலுக்கான தேசிய நிலையம் நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் 2018 முதல் இயங்குகிறது. சிறிய நிறுவனங்களுக்கும் கைகொடுப்பார்கள்.

அப்புறம் பையன்களுக்குக் கட்டாயமான தேசிய சேவை. இதைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. ஐடிஇ முடித்த பையன் உங்களிடம் நன்றாகப் பயிற்சி எடுத்தான், உங்களுக்கும் பிடித்துப்போயிற்று. உடனே இரண்டு ஆண்டு சேவைக்குப் போய்விடுகிறான். திரும்பி வரும்போது அவனுக்கு வயது இருபது, இருபத்தொன்று. கற்றதில் பாதி மறந்திருக்கும், உங்கள் மேற்பார்வையாளர் வேறு இடத்துக்குப் போயிருப்பார். சட்டென்று கைக்கு வருவது உணவு விநியோக வேலை. அன்றைக்கே காசு கிடைக்கிறது. வசதியான வீட்டுப் பையனுக்கு இந்த இரண்டு ஆண்டு ஓர் இடைவேளை, பல்கலைக்கழக இடம் அவனுக்காகக் காத்திருக்கிறது. இவனுக்கு அது அறுந்துபோகிற இடம். செய்யவேண்டியது ரொம்பச் சின்னது. சேவைக்குப் போகும்முன் ஒரு கடிதம்: முடித்துவந்ததும் உனக்கு இங்கே இடம் உண்டு, தொடக்கச் சம்பளம் இவ்வளவு. நடுவில் தீபாவளிக்கோ சீனப் புத்தாண்டுக்கோ நிறுவன விருந்துக்குக் கூப்பிடுவது. சேவை முடிய மூன்று மாதம் இருக்கும்போது ஒரு தொலைபேசி அழைப்பு. நான் இப்போது இருக்கும் இடத்தில் இதைத்தான் செய்கிறோம். செலவு என்று பார்த்தால் விருந்துச் சாப்பாடு மட்டும்.

இப்போது உங்கள் சொந்த வீட்டுக்குள் பார்க்கவேண்டியது. உங்கள் வேலை விண்ணப்பப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் எழுதிய சாதாரண நிலைத் தேர்வின் பாடவாரி மதிப்பெண்ணை இன்னும் கேட்கிறதா? 'பட்டதாரிகள் மட்டும்' என்று போட்டிருக்கும் வேலைகளில் எத்தனைக்கு உண்மையிலேயே பட்டம் தேவை? பொதுச் சேவையே 2017-இல் ஊழியர்களை நான்கு பிரிவுகளாக அடையாளப்படுத்துவதைக் கைவிட்டது. தனியார் நிறுவனங்கள் பல இன்னும் கைவிடவில்லை. 2024-இல் முழுநேர நிரந்தர வேலையில் சேர்ந்த புதிய பல்கலைக்கழகப் பட்டதாரிகளின் இடைநிலை மாதச் சம்பளம் 4,500 வெள்ளி. பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்தவர்களுக்கு 2,900 வெள்ளி. தொடக்கத்திலேயே இவ்வளவு இடைவெளி. பள்ளிக்குப் போய் 'எல்லாப் பாதையும் சமம்' என்று பேசிவிட்டு, அலுவலகத்துக்குத் திரும்பி அந்த இடைவெளியைக் காக்கும் சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடுவது சரியாக வராது. பிள்ளைகள் முட்டாள்கள் இல்லை, சம்பளத்தைப் பார்த்துத்தான் நம்புவார்கள்.

நேர்முகத் தேர்வையும் கொஞ்சம் மாற்றுங்கள். கண்ணைப் பார்த்துச் சரளமாக ஆங்கிலத்தில் தன்னைப் பற்றிப் பேசுவது ஒரு பழக்கம். வீட்டில் பழகியவர்களுக்கு வரும். உங்கள் வேலைக்கு அது எவ்வளவு தேவை? அரைநாள் களத்தில் விட்டுப் பாருங்கள். பேசத் தெரியாத பையன் கருவியைப் பிடிக்கும் விதத்தில் உங்களுக்குப் பதில் கிடைக்கும்.

வேலைக்கு எடுத்தபின் அவன் எங்கே நிற்கிறான் என்பதுதான் முக்கியம். முதல் வேலை கிடைப்பது ஏற்றம் ஆகிவிடாது. ஐந்து ஆண்டு கழித்து மேற்பார்வையாளர் ஆனானா என்பதில்தான் ஏற்றம் தெரியும். ஐடிஇயின் வேலை-கல்வி பட்டயப் படிப்பில் உங்களிடம் ஊழியராக இருந்துகொண்டே, சம்பளம் வாங்கிக்கொண்டே பட்டயம் பெறலாம். பயிற்சியில் பெரும்பகுதி வேலையிடத்திலேயே நடக்கும். உங்கள் துறைக்குப் பொருந்தும் படிப்பு எது என்று ஐடிஇயிடம் கேளுங்கள். 30 வயதுக்குள் இருக்கும், ஐடிஇ முடித்த ஒருவர் பட்டயப் படிப்பில் சேர்ந்தால் அவருடைய உயர்கல்விக் கணக்கில் 5,000 வெள்ளியும், முடித்தால் மத்திய சேமநிதி சாதாரணக் கணக்கில் 10,000 வெள்ளியும் அரசாங்கம் போடுகிறது. 2024 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தது இது. உங்கள் ஊழியர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நாளைக்கே கேட்டுப் பாருங்கள். தெரிந்தாலும் சேரமாட்டார்கள், ஏனென்றால் மாலை வகுப்புக்குக் கிளம்பும்போது ஏதாவது ஒரு கட்டடத்தில் குளிர்சாதனம் நின்றுபோகும், போகச்சொல்வீர்கள். படிக்கும் ஊழியருக்கு வகுப்பு நாளில் அவசர அழைப்பு கிடையாது என்று பணிப்பட்டியலில் எழுதி வையுங்கள். அரசாங்கத்தின் பணத்தைவிட இந்த ஒரு வரி அவரைப் பட்டயம் வரை கொண்டுபோகும்.

பெற்றோரை மறக்காதீர்கள், குறிப்பாக நம் பெற்றோரை. தமிழ்க் குடும்பங்களில் 'ஏர்கான் வேலையா?' என்று ஓர் இழுப்பு இழுப்பார்கள். வெயிலில் ஏணி தூக்கும் வேலை என்று மட்டும்தான் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். கட்டடம் ஒன்றின் மின்செலவில் குளிர்சாதனம் எவ்வளவு பெரிய பங்கு, அதைக் கண்காணிக்கக் கணினி தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள் என்பதை யாரும் அவர்களுக்குத் தமிழில் சொன்னதில்லை. ஒரு சனிக்கிழமை, உங்கள் ஊழியர் ஒருவரைத் தமிழிலேயே பேசச் சொல்லுங்கள். சிண்டா எனும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் 1991 முதல் இந்தியக் குடும்பங்களோடு வேலை செய்கிறது. துணைப்பாட வகுப்புக்குப் பிள்ளையைக் கொண்டுவிடும் பெற்றோர் அங்கே இருப்பார்கள். அவர்களோடு சேர்ந்து ஏற்பாடு செய்தால் ஆள் திரட்டும் பாடு இல்லை. தாய்மார்கள் கேட்கும் கேள்விகளுக்குத் தயாராகப் போகச் சொல்லுங்கள். பாதுகாப்பு, சம்பளம், கல்யாணச் சந்தையில் மதிப்பு, மூன்றும் வரும்.

தனியாக எல்லாவற்றையும் செய்ய முடியாது என்பதும் உண்மை. அறுபது பேர் நிறுவனத்தால் ஆண்டுக்கு மூன்று மாணவர்களைத்தான் தாங்க முடியும். ஆனால் உங்கள் தொழில் சங்கத்தில் உங்களைப் போல இருபது பேர் இருப்பார்கள். சிங்கப்பூர் இந்தியர் வர்த்தக தொழிற்சபையின் தொடக்கம் 1924. நூறாண்டு கடந்த ஓர் அமைப்பில் கணக்காய்வு, தளவாடம், உணவு, நகை, தகவல் தொழில்நுட்பம் என்று எல்லாத் துறையினரும் இருக்கிறார்கள். பத்து நிறுவனங்கள் ஒரே பள்ளியை எடுத்துக்கொண்டு ஆளுக்கு மூன்று இடம் கொடுத்தால், ஒரு மாணவரால் இரண்டு ஆண்டில் நாலைந்து துறைகளைப் பார்த்துவிட முடியும். 41 நாடுகளில் 15 வயதினரிடம் எந்த வேலைக்குப் போக ஆசை என்று 2018-இல் கேட்டபோது, பையன்களில் 47 விழுக்காட்டினரும் பெண்பிள்ளைகளில் 53 விழுக்காட்டினரும் ஒரு பத்து வேலைகளுக்குள்ளேயே சொன்னார்களாம். மருத்துவர், ஆசிரியர், காவல் அதிகாரி என்று. கண்ணில் படாத வேலைக்கு யார் ஆசைப்படுவார்கள்?

எல்லாம் உங்கள் கையில் இல்லை என்பதையும் மனத்தில் வையுங்கள். பதினைந்து வயதில் தெரியும் இடைவெளி பாலர் பள்ளிக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அதற்கு, வசதி குறைந்த வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கான கிட்ஸ்டார்ட் மாதிரியான திட்டங்கள் இருக்கின்றன. பள்ளிக்கு வராத பிள்ளைகளுக்காகக் கல்வி அமைச்சு 2018-இல் அமைத்த பணிக்குழுவின் வேலையும் தொடர்கிறது. வீட்டில் பிரச்சினை என்று தெரிந்தால் ஆசிரியரிடம் சொல்லுங்கள். உங்கள் தொழில்நுட்பரைச் சமூகப் பணியாளர் ஆக்கவேண்டாம்.

பள்ளிக்கு எழுதும் பதிலில் நான்கு விஷயம் இருந்தால் போதும். நாற்பது பேருக்குப் பதிலாக மூன்று பேர். ஒருநாளுக்குப் பதிலாக இரண்டு ஆண்டு. எந்த மாதிரிப் பிள்ளைகள் வேண்டும் என்பது. உங்கள் பக்கத்தில் பொறுப்பாக இருக்கும் தொழில்நுட்பரின் பெயரும் கைப்பேசி எண்ணும். பள்ளிகள் அடுத்த ஆண்டின் நாட்காட்டியை ஆண்டிறுதியில் முடிவுசெய்துவிடும், அதனால் அக்டோபருக்குள் எழுதிவிடுங்கள். அந்தத் தொழில்நுட்பரிடம் முதலில் கேட்டுவிட்டு எழுதுங்கள்; அவருக்கு விருப்பமில்லை என்றால் வேறொருவரைப் பாருங்கள், வற்புறுத்தாதீர்கள்.